ஒன்பது பெயர்கள் வாசிக்கும் நேரம்

மழை நாளில் தகரக் கூரைக்குக் கீழே நின்று ஆள் கணக்கு எடுப்பதைப் போலத் தொண்டையைப் பாழாக்கும் வேலை வேறில்லை. எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலையின் நீள மண்டபத்தில், ஆசிரியர் மேசை மேல் ஏறி நின்று அந்த நலன்புரி உத்தியோகத்தர் கத்திக்கொண்டிருந்தார். மாலை நாலரை மணி இருக்கும்.

மூன்று நாளாக விடாத மழை. தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் மேட்டு லயத்துக்குப் பின்னால் மலையில் வெடிப்பு கண்டிருக்கிறது, உடனே இறங்குங்கள் என்று காலையில் தகவல் வந்தது. கையில் கிடைத்ததை அள்ளிக்கொண்டு லயத்துச் சனம் முழுக்கப் பாடசாலைக்கு வந்து சேர்ந்திருந்தது. யாரும் திரும்பி மேலே போகக் கூடாது, போனால் பொலிசுக்குச் சொல்வேன் என்று உத்தியோகத்தர் இரண்டு தடவை சொல்லியிருந்தார். பாவம், நல்ல மனிதர். காலையிலிருந்து ஒரு பிளேன்டீ கூடக் குடிக்கவில்லை.

"ராசம்மா" என்றார். "இருக்கேங்க" என்று ஒரு குரல் வந்தது. இன்னும் நாலைந்து பெயர்கள் போயின. "செல்வராணி" என்றார். "இருக்கேங்க" என்று ஒரு குரல் வந்தது. பட்டியலில் கோடு போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்.

செல்வராணிக்குப் பதில் சொன்னது செல்வராணி இல்லை. அதுவும் ராசம்மாதான்.

எந்தப் படத்துக்கு?

போன வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதியதைப் படித்துவிட்டு, பதுளை பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். இத்தனை வாரமாக இசையமைத்தேன், இசையமைத்தேன் என்று எழுதுகிறீர்களே மிஸ், எந்தப் படத்துக்கு என்று கடைசிவரை சொல்லவில்லையே என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். முப்பது வருடமாக இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு நாக்குத் தேய்ந்துவிட்டது. எந்தப் படத்துக்கும் இல்லை நானா. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செலோ. நாலு பேர் கதிரை போட்டு உட்கார்ந்து வாசிப்பார்கள். நாற்பது பேர் இருமலை அடக்கிக்கொண்டு கேட்பார்கள். அவ்வளவுதான் என் பிழைப்பு.

அந்த மழைக்கு மூன்று வாரம் முன்னால், மடுல்சீமைக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்து டிவிசனுக்கு நான் போனதும் இந்தப் பிழைப்புக்காகத்தான். காலைப் பெரட்டை வைத்து ஒன்று எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் கிடந்தது. தோட்டத்தில் பிறக்காதவர்களுக்குச் சொல்கிறேன். விடிகாலையில் வேலைக்குப் போகிற எல்லோரும் பெரட்டுக் களத்தில் வந்து நிற்க வேண்டும். கணக்கப்பிள்ளை பெயர் வாசிப்பார். அவரவர் பெயருக்கு அவரவர் குரல் கொடுக்க வேண்டும். குரல் வராவிட்டால் அன்றைக்கு ஆள் இல்லை.

ஒரு பெயர், ஒரு பதில். ஒரு பெயர், ஒரு பதில். சின்ன வயதில் எனக்கு அதுதான் முதல் சங்கீதம். லயத்திலிருந்து தேயிலைக் கொழுந்து எடுக்கும் பன்னிரண்டு பெண்களைப் பிடித்தேன். அவர்கள் பதில் சொல்லச் சொல்ல, அந்தச் சுருதியைப் பிடித்துக்கொண்டு நாலு தந்தி வாத்தியங்களும் ஒவ்வொன்றாக நுழையும். இதுதான் திட்டம்.

மூன்று வாரம் அந்தப் பன்னிரண்டு "இருக்கேங்க"வையும் எழுதி எழுதி அழித்தேன். யாருடைய குரல் எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். செல்வராணிக்கு முப்பத்தைந்து வயது, ஆண் பிள்ளை மாதிரி அடிக்குரல். நாள் முடிந்து கொழுந்துக் கூடையை இறக்கி வைப்பதுபோலச் சொல்வாள். ராசம்மாக்காவுக்கு அறுபது தாண்டிவிட்டது. மூக்கால் பேசுவாள். எவ்வளவு குரலை மாற்றினாலும் கடைசி "ங்க"வைக் கொஞ்சம் மேலே இழுத்துவிடுவாள். அந்த இழுப்பை அவளால் மறைக்கவே முடியாது.

இரண்டு பேரும் மேட்டு லயத்தில் பக்கத்துப் பக்கத்து ஒற்றையறைக் காம்பரா. செல்வராணியின் புருசன் கொழும்பில் ஒரு ஹோட்டலில் வேலை. அவளும், சினைப் பசு ஒன்றும்தான் வீட்டில்.

பென்சிலும் வாயும்

ஒத்திகையின் இரண்டாவது வாரம் ஒரு நாள் செல்வராணி பிந்திவிட்டாள். நான் பெயர்களை வாசித்துக்கொண்டு வருகிறேன். அவள் பெயருக்கு ராசம்மாக்கா குரலைத் தாழ்த்தி "இருக்கேங்க" என்றாள். மற்றவர்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல். பென்சிலைத் தரையில் வீசினேன். இது விளையாட்டு இல்லை, ஒருத்தருக்கு ஒருத்தர் குரல் கொடுத்தால் நான் எழுதியது எல்லாம் குப்பைக்குத்தான் போகும் என்று கத்தினேன். கொழும்பில் என் குணம் எல்லோருக்கும் தெரியும். பயந்து குனிந்துகொள்வார்கள். ராசம்மாக்கா குனியவில்லை.

"ஒங்கம்மாவுக்கு அன்னிக்கு நான் சொல்லலன்னா," என்றாள், "நீ இன்னிக்கு பென்சில ஆட்டிக்கிட்டு நிப்பியா புள்ள?"

பென்சிலைப் பொறுக்கிக்கொண்டு முதல் பெயரிலிருந்து மறுபடி தொடங்கினேன்.

அம்மா இல்லாத பெரட்டு

எனக்குப் பத்துப் பதினொரு வயதில் நடந்தது அது. பதுளையில் ஒரு பெரிய பாடசாலையில் என்னைச் சேர்ப்பதற்கு ஒரு சோதனை. அங்கே பியானோ இருந்தது. நான் அதுவரை படத்தில்கூடப் பார்த்திராத சாமான். விடியக் கிளம்பும் ஒரே பஸ்ஸில் போனால்தான் உண்டு. கொழுந்து குவிந்து கிடந்த மாதம் அது. யாருக்கும் லீவு இல்லை என்று தோட்டத்துத் துரை சொல்லிவிட்டார். அதற்கு முந்திய வாரமும் என் காய்ச்சலுக்காக அம்மா இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் நின்றிருந்தாள். இன்னொரு நாள் நின்றால் வேலைக்கே வர வேண்டாம் என்று கணக்கப்பிள்ளை முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்.

அம்மா அழுதுகொண்டு உட்கார்ந்துவிட்டாள். அப்போது ராசம்மாக்காவுக்கு இருபது, இருபத்திரண்டு வயதிருக்கும். நீ போ மதினி, பேரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாளாம்.

மறுநாள் பனிமூட்டத்தில், தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, தன் பெயருக்கு ஒரு குரல், அம்மா பெயருக்கு ஒரு குரல். கணக்கப்பிள்ளை புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவே மாட்டார். நிறுவைக்கு என்ன செய்வது? அந்த நிரையில் நின்ற பெண்கள் எல்லோரும் தங்கள் கூடையிலிருந்து இரண்டு இரண்டு கை அள்ளி அம்மாவின் கூடையை நிரப்பினார்களாம். அம்மா என்னோடு பதுளையில் இருந்தாள். அவள் கூடை மட்டும் தராசில் தொங்கியது.

எங்கள் தோட்டத்தில் இதற்குப் பொய் என்று பெயர் இல்லை. ஒருத்தி இல்லாதபோது அவள் பெயரைக் கீழே விழாமல் பிடித்துக்கொள்வது. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, புருசன் அடித்துவிட்டான், பஸ் பிந்திவிட்டது, எதுவாக இருந்தாலும் பக்கத்தில் நிற்கிறவள் குரல் கொடுப்பாள். யோசித்துச் செய்வதில்லை. தும்முவதைப் போல வந்துவிடும். நான் எழுதிய ஒவ்வொரு சுரத்துக்கும் அடியில் ராசம்மாக்காவின் அந்த ஒரு பொய்க்குரல் கிடக்கிறது.

வாயைத் திறக்காத நேரம்

பாடசாலை மண்டபத்துக்கு வருகிறேன்.

செல்வராணி எங்கே போயிருப்பாள் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. காலையில் பசுவைப் பட்டியில் கட்டியபடியே விட்டுவிட்டு வந்திருந்தாள். அவிழ்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று உத்தியோகத்தரிடம் கெஞ்சி, வசவு வாங்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். இப்போது அந்த மூலையில் அவளுடைய துணிமூட்டை மட்டும் இருந்தது. மாட்டுப்பட்டி மேட்டு லயத்துக்கும் பின்னால், வெடிப்பு கண்ட மலைக்கு நேர் கீழே.

ராசம்மாக்காவைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கண்ணாலேயே சொன்னாள், சும்மா இரு என்று.

உத்தியோகத்தர் வாசித்துக்கொண்டே போனார். ஒரு பெயர், ஒரு பதில். சொன்னால் காட்டிக்கொடுத்தவள் ஆவேன். அதுவும் யாரை? என் அம்மாவுக்குக் குரல் கொடுத்தவளை. கொழும்பில் வாழ்கிறவள், காரில் வந்து இறங்கியவள், எங்கள் ஆளை எங்கள் முன்னாலேயே பிடித்துக்கொடுத்தாள் என்பார்கள். பத்து நிமிடத்தில் அவளே வந்துவிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெளியே மழை கொஞ்சம் குறைந்த மாதிரியும் இருந்தது. மண்சரிவில் ஒரு லயமே புதைந்துபோன மீரியபெத்தைக்குப் பிறகும் இப்படி நினைக்க எனக்கு எப்படி மனம் வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

கடைசியில் வாய் திறந்தது. என் குரலே எனக்கு அந்நியமாகக் கேட்டது.

"செல்வராணி இங்க இல்ல, சார். மாட்டப் பாக்க மேல போயிருக்கா."

உத்தியோகத்தர் பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பதில் வந்ததே என்றார். நான் யார் பெயரையும் சொல்லவில்லை. தேவையிருக்கவில்லை. ராசம்மாக்கா எழுந்து நின்றாள்.

"வந்துருவான்னு நெனச்சேன்," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஓடை நின்றது

உத்தியோகத்தர் இரண்டு வாலிபர்களைக் கூட்டிக்கொண்டு தானே கிளம்பினார். பெண்கள் வர வேண்டாம் என்றார். நான் யார் சொல்லைக் கேட்டிருக்கிறேன்? முழங்கால் வலியோடு பின்னாலேயே ஏறினேன். பாதை திரும்பும் கோயில் முடக்குக்கு மேலே என் கால் வரவில்லை. அங்கே ஆலயச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர்கள் மூன்று பேரும் படிக்கட்டில் ஏறி மறைந்தார்கள்.

அந்த இடத்தில் படிக்கட்டை ஒட்டியே ஓடை இறங்கும். மூன்று நாளாக அது போட்ட சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவது கேட்காது. கல்லை உருட்டிக்கொண்டு, செம்மண் நிறத்தில் பாய்ந்தது. நான் செல்வராணியின் பெயரைச் சொல்லிக் கத்தினேன். ஓடைச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி கத்தினேன்.

மூன்றாவது தடவை கத்தியபோது என் குரல் தெளிவாகக் கேட்டது.

ஒரு கணம் ஏன் என்று புரியவில்லை. பிறகு புரிந்தது. ஓடை நின்றுவிட்டது. மழை பெய்துகொண்டிருக்கிறது, ஓடையில் தண்ணீர் வரவில்லை. மேலே எங்கேயோ மண் இறங்கித் தண்ணீரை மறித்துவிட்டது என்றுதான் அதற்கு அர்த்தம். மலைநாட்டில் பிறந்த சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அதன் பிறகு நிற்கக் கூடாது.

வாழ்க்கையில் நான் அப்படிக் கத்தியதில்லை. "எறங்குங்க, எறங்குங்க" என்பது மட்டும்தான் வாயில் வந்தது. ஓடை அடங்கியிருந்ததால்தான் அது மேலே போய்ச் சேர்ந்தது. பிறகு உத்தியோகத்தரே அப்படிச் சொன்னார்.

முதலில் வந்தது பசு. வயிறு குலுங்க, கழுத்தில் அறுந்த கயிற்றோடு, என்னை இடித்துத் தள்ளாத குறையாகக் கடந்து ஓடியது. அடுத்து இரண்டு வாலிபர்கள். மற்ற இரண்டு பேரையும் காணோமே, காணோமே என்று படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அந்த உத்தியோகத்தர், செருப்பில்லாத காலோடு, செல்வராணியின் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தார். அவள் முழங்கை வரை சேறு. கயிறு முடிச்சு ஊறிப்போய் அவிழவில்லையாம். பல்லால் கடித்துக்கொண்டிருந்தாளாம்.

நாங்கள் பாடசாலை வாசலை எட்டும்போது மலை இறங்கியது. பெரிய சத்தம் என்று எழுதுவார்கள். எனக்குக் கேட்டது ஒரு நீண்ட மூச்சு மாதிரி, காதுக்கு எட்டாத அடியிலிருந்து, காலுக்குள் ஏறியது. மழை ஓய்ந்து மறுநாள் பார்த்தபோது மாட்டுப்பட்டி இருந்த இடத்தில் செம்மண் மட்டும். மேட்டு லயத்தில் நாலு காம்பராக்கள் இல்லை. அதில் ஒன்று செல்வராணியுடையது, ஒன்று ராசம்மாக்காவுடையது.

மறுநாள் காலை

பாடசாலையில் மறுபடி ஆள் கணக்கு. உத்தியோகத்தருக்குக் குரல் கட்டிவிட்டது. ராசம்மா என்றார், பதில் வந்தது. செல்வராணி என்றார். பதில் இல்லை.

அவள் சுவரில் சாய்ந்து விழித்துக்கொண்டுதான் இருந்தாள். முதல் நாள் பசுவை அதட்டி, ஆட்களைக் கூப்பிட்டுக் கத்தியதில் தொண்டையில் சத்தமே வரவில்லை. எல்லோரும் பழக்கத்தில் ராசம்மாக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். ராசம்மாக்கா சேலைத் தலைப்பை வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. யாரும் செல்வராணிக்காகப் பதில் சொல்லவில்லை. செல்வராணி கையை ஊன்றி எழுந்து நின்று காட்டும் வரைக்கும் அந்த மண்டபம் முழுக்கக் காத்துக்கொண்டிருந்தது.

என்னோடு ராசம்மாக்கா மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் வாயாலேயே அவளைக் கொன்றிருப்பேனே புள்ள என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். என்னிடம் இருந்ததை அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

செல்வராணியிடம்தான் சொன்னேன். ஏனென்றால், நான் கொழும்புக்குப் போய்த் திரும்பி வந்தபோது அவள் கேட்டாள். "நான் இல்லன்னு ஒங்களுக்கு எப்பக்கா தெரிஞ்சிச்சு?" என்று சாதாரணமாகத்தான் கேட்டாள்.

மலை இறங்கிய அன்று மாலை, தகரத்தில் விழும் மழையைப் பதிவு செய்வதற்காக என் கருவியை ஜன்னலில் ஓடவிட்டிருந்தேன். தொழில் புத்தி. ஆள் கணக்கும் அதில் விழுந்திருக்கிறது. கொழும்பில் அறையைப் பூட்டிக்கொண்டு அதைக் கேட்டிருந்தேன். ராசம்மாக்காவின் இரண்டாவது "இருக்கேங்க"வுக்கும் என் வாய் திறந்ததற்கும் நடுவில் ஒன்பது பெயர்கள் வாசிக்கப்பட்டிருந்தன. அந்த முடிச்சில் அவள் பல்லை வைத்துக் கடித்துக்கொண்டிருந்த நேரம். சொன்னேன். ஒன்பது பேர் பெயர் வாசிக்கும் வரைக்கும் நான் சும்மா நின்றேன் ராணி என்றேன்.

பசுவுக்குத் தண்ணி காட்ட வேண்டும் என்று எழுந்து போனாள்.

எண்ண வேண்டாம்

பங்குனி வெயிலில் பதுளையில் ஒரு மண்டபத்தில் அந்த உருப்படி அரங்கேறியது. பழையபடி இல்லை. செல்வராணியின் பெயருக்குப் பிறகு எழுதியிருந்ததை எல்லாம் கிழித்துப் போட்டிருந்தேன். அங்கே தாளம் இல்லை, சுரம் இல்லை. அவள் பதில் சொல்லும்வரை யாரும் தொடக் கூடாது என்று மட்டும் எழுதியிருந்தேன்.

எத்தனை அட்சரம் எண்ண வேண்டும் என்று செலோ வாசிக்கும் பையன் கேட்டான். எண்ணாதே, அவள் சொல்லட்டும் என்றேன். அதெப்படி என்று அவன் மற்றவர்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். ஒத்திகையில் ஒரு சிக்கலும் இல்லை. இரண்டு மூச்சு விட்டுச் சொல்லிவிடுவாள்.

அரங்கேற்றத்தில் நான்தான் கணக்கப்பிள்ளை. நடுவில் நின்று பெயர்களை வாசித்தேன். ராசம்மாக்கா மூக்கால் சொன்னாள், கடைசி எழுத்தை மேலே இழுத்தாள். வியோலா அதைப் பிடித்துக்கொண்டது. இன்னும் சில பெயர்கள். பிறகு "செல்வராணி" என்றேன்.

தந்திகள் நின்றன. அவள் என்னைப் பார்த்தாள். இரண்டு மூச்சு போனது. மூன்று, நாலு. முன்வரிசையில் யாரோ கதிரையை நகர்த்தினார்கள். செலோக்காரன் வில்லைத் தூக்கியபடி என்னைப் பார்த்து முழித்தான். மறந்துவிட்டாள் என்று நினைத்திருப்பான். அவள் கண்ணை எடுக்கவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது.

நான் எண்ண ஆரம்பித்தேன். அந்தப் பதிவை எத்தனை தடவை கேட்டிருக்கிறேன். வரிசை எனக்கு மனப்பாடம். மாரியாயி. தங்கம். புஷ்பராணி. கருப்பையா. செல்லம்மா. ராசம்மாக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். யோகேஸ்வரி. பழனியாண்டி. மண்டபத்தில் ஒரு இருமல்கூட இல்லை. சிவகாமி. லெட்சுமி.

ஒன்பதாவது பெயரும் தாண்டிய பிறகு, கூடையை இறக்கி வைப்பதுபோல, செல்வராணி சொன்னாள்.

"இருக்கேங்க."